க்யூபேஸ் ப்ராஜெக்ட்டை விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாற்றும்போது பிளக்-இன்கள் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். விண்டோஸில் க்யூபேஸ் என்ற இசை மென்பொருளை வைத்து ஆறேழு வருஷமாகச் செய்த ப்ராஜெக்ட்கள், வாங்கப்போகும் எம்4 மேக் மினியில் அப்படியே திறக்குமா? பிளக்-இன்களை, அதாவது க்யூபேஸுக்குள் ஏற்றும் சிந்தஸைசர், எஃபெக்ட் போன்ற துணை மென்பொருள்களை, மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டுமா? ஆப்பிளின் லாஜிக் என்ற இசை மென்பொருளை வைத்திருக்கும் நண்பரோடு ப்ராஜெக்ட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ள முடியுமா?

முதலில் நேரடியான பதில். ப்ராஜெக்ட் திறக்கும். க்யூபேஸின் ப்ராஜெக்ட் கோப்பு இரண்டு பக்கமும் ஒன்றேதான். ஆனால் திறந்த ப்ராஜெக்ட்டுக்குள் எந்தெந்த பிளக்-இன் சத்தம் கொடுக்கும் என்பது தனிக் கதை. மறுபடி வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. காசு கொடுத்து வாங்கிய பிளக்-இன் என்றால் உங்கள் கணக்கில் நுழைந்து மேக் இன்ஸ்டாலரை இறக்கிக்கொண்டால் போதும். நண்பருடைய லாஜிக்குக்கு உங்கள் ப்ராஜெக்ட் கோப்பு எந்த விதத்திலும் பயன்படாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும். ப்ராஜெக்ட் கோப்பு என்பது கல்யாணச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் சீட்டு மாதிரி. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று இருக்கும், சாமான் இருக்காது. க்யூபேஸின் கோப்பை நாம் திறந்து படிக்க முடியாது. ஆனால் ரீப்பர் என்ற இன்னொரு இசை மென்பொருள் தன் ப்ராஜெக்ட்டை வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமிக்கிறது, நோட்பேடில் திறக்கலாம். விண்டோஸ் ரீப்பரில் ஒரு ட்ராக்கில் ரீ-ஈக்யூ என்ற அதன் ஈக்வலைசரைப் போட்டுச் சேமித்துவிட்டு, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வரியில் பிளக்-இன்னின் பெயர் இருக்கும், அதன் டி.எல்.எல். கோப்பின் பெயர் இருக்கும், அப்புறம் 1919247729 என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை ஹெக்ஸில் (பதினாறடிமான எண் முறையில்) மாற்றினால் 72 65 65 71. ஆங்கில எழுத்தில் படித்தால் ஆர், இ, இ, க்யூ. வி.எஸ்.டி.2 வகை பிளக்-இன் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நான்கெழுத்து அடையாளம் உண்டு. அதற்குக் கீழே சில வரிகளுக்கு ஒன்றும் புரியாத எழுத்துக் குவியல். நீங்கள் திருகி வைத்த நாப்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

அந்தக் குவியலை எழுதியது பிளக்-இன். படிக்கத் தெரிந்ததும் அந்த பிளக்-இன் மட்டும்தான். ரீப்பருக்கோ க்யூபேஸுக்கோ உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சேமிக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளும், திறக்கும்போது திருப்பிக் கொடுக்கும்.

ஆக, மேக்கில் ஒரு ப்ராஜெக்ட் ஒழுங்காக ஒலிக்க இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும். சீட்டில் எழுதிய அதே அடையாளத்தோடு ஒரு பிளக்-இன் அந்தக் கணினியில் இருக்க வேண்டும். அது விண்டோஸில் எழுதிய குவியலைப் படிக்க வேண்டும். ஒரே மூல நிரலிலிருந்து இரண்டு இயங்குதளத்துக்கும் பிளக்-இன் செய்யும் கம்பெனிகள் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்கின்றன. அதனால்தான் பெயர் பெற்ற பிளக்-இன்கள் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் தாண்டிவிடுகின்றன. டி.எல்.எல். கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போய் மேக்கில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. அது விண்டோஸுக்கென்று தொகுத்த நிரல்.

அடுத்தது வடிவங்கள். வி.எஸ்.டி. என்ற பிளக்-இன் வடிவத்தை, க்யூபேஸைச் செய்யும் ஸ்டெய்ன்பர்க் கம்பெனி 1996-இல் க்யூபேஸோடு கொண்டுவந்தது. 1999-இல் வி.எஸ்.டி.2, 2008-இல் வி.எஸ்.டி.3. ஆப்பிள் தன் பங்குக்கு ஆடியோ யூனிட், சுருக்கமாக ஏ.யு., என்று ஒன்றை வைத்திருக்கிறது. அது விண்டோஸில் கிடையாது. ப்ரோ டூல்ஸ் என்ற மென்பொருளுக்கு ஏ.ஏ.எக்ஸ். என்று இன்னொன்று. ஒரே சிந்தஸைசரை இன்ஸ்டால் செய்தாலும் இந்த நான்கும் தனித்தனி பிளக்-இன்களாகத்தான் கணினியில் உட்காருகின்றன. ஏ.யு.வில் போட்டதை வி.எஸ்.டி.3 வந்து தானாக நிரப்பாது.

இதில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. க்யூபேஸ் ஏ.யு.வை ஏற்பதே இல்லை, மேக்கிலும் வி.எஸ்.டி. மட்டும்தான். அதனால் வடிவம் மாறிப்போகும் பிரச்சினை உங்களுக்கு வராது. ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மேக்கில் லைவ் இரண்டையும் காட்டும். பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட ஏ.யு.வை இழுத்துப் போட்டு ஒரு வருஷம் வேலை செய்துவிட்டு, விண்டோஸ் வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பினால் அங்கே எல்லாமே செயலற்றுக் கிடக்கும். லைவில் வேலை செய்பவர் யாராவது இதைப் படித்தால், மேக்கில் இருந்தாலும் வி.எஸ்.டி.3 மட்டும் பயன்படுத்துங்கள், ஏ.யு.வை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள்.

உங்களுக்கு வரப்போகும் உண்மையான தலைவலி வி.எஸ்.டி.2. அதற்கான நிரல் தொகுப்பைப் புதிய பிளக்-இன் கம்பெனிகளுக்குக் கொடுப்பதை ஸ்டெய்ன்பர்க் 2018 அக்டோபரில் நிறுத்தியது. 2022 ஜனவரியில், தன் சொந்த மென்பொருள்களிலிருந்தும் இரண்டு வருஷத்துக்குள் வி.எஸ்.டி.2-ஐ எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. அதே வருஷம் வந்த க்யூபேஸ் 12, ஆப்பிளின் எம் வகை சில்லில் நேரடியாக ஓடத் தொடங்கியது. ஆனால் அப்படி நேரடியாக ஓடும்போது வி.எஸ்.டி.3-ஐ மட்டும்தான் ஏற்கும். பிளக்-இன் கம்பெனி வி.எஸ்.டி.2 மேக் பதிப்பைக் கொடுத்திருந்தாலும், அது உங்கள் ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தாலும், க்யூபேஸின் கண்ணுக்கே படாது. ஆறேழு வருஷத்துக்கு முந்தைய ப்ராஜெக்ட் என்கிறீர்கள். அதில் பாதிக்கு மேல் வி.எஸ்.டி.2-ஆக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், அந்தக் காலத்தில் இன்ஸ்டாலரே அதைத்தான் முதலில் போட்டது.

எத்தனை இருக்கின்றன என்று இப்போதே, விண்டோஸில் வைத்தே பார்த்துவிடுங்கள். க்யூபேஸின் பிளக்-இன் மேனேஜரில் எது வி.எஸ்.டி.2, எது வி.எஸ்.டி.3 என்று தெரியும். அந்த வி.எஸ்.டி.2-களுக்கு வி.எஸ்.டி.3 பதிப்பு இருந்தால் விண்டோஸிலேயே இன்ஸ்டால் செய்யுங்கள். அப்புறம் பழைய டி.எல்.எல். கோப்பை அதன் ஃபோல்டரிலிருந்து வேறு எங்காவது நகர்த்தி வையுங்கள், அழிக்க வேண்டாம். இப்போது ப்ராஜெக்ட்டின் ஒரு நகலைத் திறந்தால், பிளக்-இன் கம்பெனி ஒழுங்காக வேலை செய்திருக்கும் பட்சத்தில், வி.எஸ்.டி.2 இருந்த இடத்தில் வி.எஸ்.டி.3 பழைய அமைப்புகளோடு வந்து உட்காரும். இது மந்திரம் இல்லை. பழைய நான்கெழுத்து அடையாளத்தைப் புதிய நீள அடையாளமாக மாற்ற ஸ்டெய்ன்பர்க் ஒரு முறையை வகுத்திருக்கிறது. மேலே சொன்ன ரீ-ஈக்யூ வரியைக் கொஞ்சம் வலது பக்கம் படித்தீர்கள் என்றால் 56535472656571 என்று ஆரம்பிக்கும் ஒரு நீள எண் தெரியும். முதல் ஆறு இலக்கம் வி, எஸ், டி. அடுத்த எட்டு அதே ஆர், இ, இ, க்யூ. அதன் பின் பிளக்-இன்னின் பெயர். இந்த முறைப்படி அடையாளம் கொடுத்தவர்களின் பிளக்-இன் தானாக மாறும். கொடுக்காதவர்களுடையது மாறாது, நீங்கள்தான் கையால் ஒவ்வொன்றாகப் புதிதாகப் போட்டு, பிரீசெட்டை (சேமித்து வைத்த அமைப்பை) ஏற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறுவதால், பட்டியல் பார்த்துச் சொல்வதைவிட நகலைத் திறந்து பார்ப்பதுதான் வேகமான வழி.

மாறிய பின் சேமித்த நகலைத்தான் மேக்குக்குக் கொண்டுபோக வேண்டும். விண்டோஸ் கணினி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மேக்கில் போய் உட்கார்ந்த பிறகு, பழைய குவியலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

சாம்பிள்களை, அதாவது பதிவு செய்த வாத்தியச் சத்தங்களை, வாசிக்கும் கான்டாக்ட் என்ற பிளக்-இன் இதில் தனி ரகம். நம் ஆட்கள் பலருடைய ப்ராஜெக்ட்களில் வீணையும் தவிலும் ஸ்ட்ரிங்ஸும் அதற்குள்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கான்டாக்ட் 5 வி.எஸ்.டி.3 வடிவத்தில் வரவே இல்லை. மேலும் கான்டாக்ட் 5, 6, 7, 8 எல்லாம் கணினியின் கணக்கில் தனித்தனி பிளக்-இன்கள். ப்ராஜெக்ட் 5-ஐக் கேட்டால் 7 போய் நிற்காது. விண்டோஸில் அந்த ப்ராஜெக்ட்டைத் திறந்து, கான்டாக்ட் 5-இல் ஏற்றியிருப்பதை மல்ட்டியாக (எல்லா வாத்தியங்களும் சேர்ந்த ஒரே கோப்பாக) சேமித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் புதிய கான்டாக்ட்டின் வி.எஸ்.டி.3-ஐ ஒரு ட்ராக்கில் போட்டு, அந்த மல்ட்டியை ஏற்றுங்கள். புதிய கான்டாக்ட் பழைய கோப்பைப் படிக்கும். மிடி (வாசித்த ஸ்வரங்களின் குறிப்பு) சேனல் எண்ணும் அவுட்புட்டுகளும் பழையபடி இருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள். பல அவுட்புட் போட்டு மிக்ஸரில் பிரித்து வைத்திருந்தால் அங்கேதான் குழப்பம் வரும். எல்லாம் சரி என்றால் மிடியைப் புதிய ட்ராக்குக்கு மாற்றிவிட்டுப் பழையதை நீக்கலாம்.

அடுத்த சிக்கல் சாம்பிள்கள் இருக்கும் இடம். விண்டோஸில் டி டிரைவில் இருந்த லைப்ரரி மேக்கில் வேறொரு பாதையில் இருக்கும். முறையாகப் பதிவு செய்த லைப்ரரி என்றால் கான்டாக்ட் கம்பெனியின் நேட்டிவ் ஆக்ஸஸ் என்ற செயலியில் புதிய இடத்தைக் காட்டினால் முடிந்தது. நீங்களே ரெக்கார்டு செய்து உருவாக்கியவை, நண்பர்கள் கொடுத்தவை, பதிவில்லாத லைப்ரரிகள் இவைதான் சாம்பிள் காணோம் என்று பெட்டி பெட்டியாகக் கேட்கும். ஒருமுறை தேடிக் காட்டியதும் கான்டாக்ட்டிலேயே இருக்கும் பேட்ச் ரீ-சேவ் என்ற வசதியை அந்த ஃபோல்டர் மேல் ஓட்டிவிட்டால், அதிலுள்ள எல்லா இன்ஸ்ட்ருமென்ட்டிலும் புதிய பாதை பதிவாகிவிடும். கோப்புகளை அது மாற்றி எழுதும், ஆகவே ஒரு நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது 32 பிட் விவகாரம். க்யூபேஸ் 9 வந்தபோதே, 2016-இல், 32 பிட் பிளக்-இன்களை அது விட்டுவிட்டது. நீங்கள் 32 பிட் பிளக்-இன்களை ஓட்ட உதவும் ஜேபிரிட்ஜ் போன்ற ஒன்றை வைத்து இன்னும் சிலவற்றை ஓட்டிக்கொண்டிருக்கலாம். மேக்கில் அந்தக் கதையே கிடையாது, 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து 32 பிட் நிரல் எதுவும் ஓடாது. இதோடு, 2000-களில் சின்த்எடிட் என்ற கருவியில் கட்டிய இலவச பிளக்-இன்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸுக்கு மட்டும் செய்தவை, செய்தவரும் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். இவற்றுக்கு மாற்று தேடி அலைய வேண்டாம். ஆடியோவாகப் பதிவு செய்து எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். க்ராக் செய்த பிளக்-இன்களுக்கும் இதே பதில். மேக் க்ராக் தேடிப் போகிறவர்கள் பிளக்-இன்னோடு வேறு என்னென்னவோ சேர்த்து இன்ஸ்டால் செய்துகொள்கிறார்கள்.

64 பிட்டாக இருந்தாலும், இன்டெல் மேக்குக்குச் செய்த பழைய பிளக்-இன், எம் சில்லில் நேரடியாக ஓடும் க்யூபேஸுக்குள் ஏறாது. இதற்கு ரொசெட்டா என்று ஒரு வழி இருக்கிறது. ஃபைண்டரில் க்யூபேஸின் மேல் கெட் இன்ஃபோ கொடுத்து, ரொசெட்டாவில் திற என்பதை டிக் செய்தால் க்யூபேஸ் முழுவதும் இன்டெல் நிரலாக ஓடும். இன்டெல் பிளக்-இன்கள் ஏறும், க்யூபேஸ் 12-இல் வி.எஸ்.டி.2-ம் ஏறும். கணினியின் வேகத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் இதை நிரந்தர வீடாக நினைக்க வேண்டாம். மேக் ஓ.எஸ். 26 தான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025-இல் சொல்லிவிட்டது. ரொசெட்டா பொதுப் பயன்பாட்டுக்கு 27 வரைதான். பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து, ட்ராக்குகளை ஆடியோவாக்கி வெளியே எடுக்க ரொசெட்டா நல்ல வழி. புதுப் பாட்டை அதில் ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை.

பிளக்-இன் தாண்டிவிட்டது, பிரீசெட்டும் சரியாக வந்துவிட்டது, ஆனாலும் பாட்டு வேறு மாதிரி ஒலிக்கிறது என்றால் முதலில் ஆட்டோமேஷனை (பாட்டு ஓடும்போது நாப்களைத் தானாகத் திருகும் பதிவை) சந்தேகியுங்கள். வி.எஸ்.டி.2-இல் ஆட்டோமேஷன் எந்த நாப்புக்குப் போகிறது என்பது வரிசை எண்ணை வைத்து. பதினான்காவது நாப் என்றுதான் ப்ராஜெக்ட்டுக்குத் தெரியும், அது ஃபில்டர் கட்டாஃப் என்று தெரியாது. வி.எஸ்.டி.3-இல் ஒவ்வொரு நாப்புக்கும் தனி அடையாள எண். வடிவம் மாறும்போது இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலையைச் சில பிளக்-இன்கள் அரைகுறையாகச் செய்திருக்கும். விளைவு, பல்லவிக்கு முன்னால் மெல்லத் திறக்க வேண்டிய ஃபில்டர் அசையாமல் நிற்கும், அதற்குப் பதில் ரிவர்ப் மிக்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். காதில் விழுந்தாலும், ப்ராஜெக்ட்டில் எங்கும் பிழை என்று காட்டாது.

வந்ததும் போனதும் ஒன்றுதானா என்று சோதிக்க ஒரு நல்ல முறை உண்டு. விண்டோஸில் அந்த ட்ராக்கை ஆடியோவாக எடுத்து, மேக்கில் அதே ப்ராஜெக்ட்டில் பக்கத்து ட்ராக்கில் போட்டு, ஃபேஸைத் திருப்பி, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சத்தமே வராது. கம்ப்ரஸர், ஈக்வலைசர் போன்றவற்றுக்கு இது அருமையாக வேலை செய்யும். கோரஸ், சில ரிவர்ப், அனலாக் மாதிரி சிந்தஸைசர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறித்தான் ஒலிக்கும், அவை முழுதாக அடங்கவில்லை என்று பதற வேண்டாம். அங்கே காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கோப்பின் பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது முக்கியம். கோரஸ் என்ற பெயரில் உள்ள ோ என்ற குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ொ, ௌ இரண்டும் இப்படியே. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய மேக் டிஸ்க்குகளில் இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் முறை பெயரை எப்போதும் பிரித்துத்தான் எழுதி வைத்தது. இப்போதைய ஏ.பி.எஃப்.எஸ். கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பெயராகப் பார்க்கிறது. விண்டோஸோ இரண்டையும் வேறு வேறு பெயர் என்றே நினைக்கிறது. ஒரே ஃபோல்டரில் கோரஸ், கோரஸ் என்று இரண்டு கோப்பு அக்கம்பக்கத்தில் இருக்க விடும்! நண்பருடைய பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்த ஆடியோவை உங்கள் ப்ராஜெக்ட் காணோம் என்று சொல்லி, ஃபோல்டரைத் திறந்தால் கோப்பு கண்ணெதிரே இருந்தால், இது காரணமாக இருக்கலாம். மாணிக்கம் என்று வைத்தால் தப்பித்துவிடுவீர்கள், மோகனம் என்று வைத்தால் மாட்டலாம் என்பது ஒரு வேடிக்கை. இடம் மாறப்போகும் ஆடியோக்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துப் பெயர் கொடுப்பது நல்லது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி வேண்டவே வேண்டாம், விண்டோஸ் அவற்றை ஏற்காது.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. ஒருமுறை மட்டும் கொண்டுவந்து நகலெடுக்க அதுவே போதும். இரண்டு கணினிக்கும் நடுவில் தினமும் அலைகிற டிஸ்க் என்றால் எக்ஸ்-ஃபாட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அதை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் கோப்பு கெடும் வாய்ப்பு அதிகம், அதனால் ஒரே நகலாக அதில் எதையும் வைக்காதீர்கள்.

சரி, புறப்படும் முன் என்ன செய்வது? எல்லா ப்ராஜெக்ட்டையும் உயிரோடு கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தால் வருஷம் ஓடிவிடும். வெளியாகிவிட்ட பாட்டுகளுக்கு ஸ்டெம், அதாவது ட்ராக்குகளைத் தனித்தனி ஆடியோவாக எடுத்த கோப்புகள், போதும். இன்னும் வேலை நடக்கிறவற்றுக்கு மட்டும் மேலே சொன்ன வி.எஸ்.டி.3 மாற்றத்தைச் செய்யுங்கள். அவற்றுக்கும் ஸ்டெம் எடுக்கத்தான் வேண்டும். க்யூபேஸின் எக்ஸ்போர்ட் ஆடியோ மிக்ஸ்டவுனில் பல சேனல்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஓட்டத்தில் எடுக்கலாம். எல்லாமே முதல் பாரிலிருந்து தொடங்கட்டும், ப்ராஜெக்ட்டின் சாம்பிள் ரேட்டிலேயே, 32 பிட் ஃப்ளோட்டில் இருக்கட்டும். கடைசியில் ரிவர்ப் வால் அடங்கும்வரை இடம் விடுங்கள். மிடி ட்ராக்குகளை டெம்போவோடு தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிடார் ஆம்ப் சிமுலேட்டர் மாதிரி பிற்பாடு மாற்ற நினைக்கக்கூடிய ட்ராக்குகளை எஃபெக்ட் இல்லாமலும் ஒன்று எடுத்து வையுங்கள். முக்கியமான பிளக்-இன் ஜன்னல்களை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பிளக்-இன்னே இல்லாமல் போன இடத்தில் வேறொன்றை வைத்து அதே சத்தத்தை உருவாக்க அந்தப் படம்தான் கைகொடுக்கும். கடைசியாக பேக்கப் ப்ராஜெக்ட் கொடுத்து, அந்த ஃபோல்டரை மேக்குக்கு எடுத்துப்போங்கள். அது ஆடியோக்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும், பிளக்-இன்களைச் சேர்க்காது.

நீங்கள் சேமித்த வி.எஸ்.டி.3 பிரீசெட்டுகள் விண்டோஸில் டாக்குமென்ட்ஸுக்குள் வி.எஸ்.டி.3 பிரீசெட்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். மேக்கில் அவை உங்கள் பயனர் லைப்ரரிக்குள் ஆடியோ, அதற்குள் பிரீசெட்ஸ் என்ற இடத்துக்குப் போக வேண்டும். அந்த லைப்ரரி ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபைண்டரின் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால் தெரியும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பழைய கணினியை ஃபார்மட் செய்வதற்கு முன், விற்பதற்கு முன், ஒவ்வொரு பிளக்-இன்னையும் டீ-ஆக்டிவேட் செய்துவிடுங்கள். ஐ-லாக் என்ற லைசென்ஸ் முறையில் உள்ளவற்றைக் கணினியிலிருந்து கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் டிஸ்க்கை அழித்துவிட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான். க்யூபேஸ் 12 முதல் வந்த லைசென்ஸ் மூன்று கணினி வரை அனுமதிக்கும், விண்டோஸ் மேக் என்று பார்க்காது. அதனால் இரண்டையும் சில மாதம் ஒன்றாக வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால் இரண்டு பக்கமும் பிளக்-இன் வெர்ஷனை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய வெர்ஷன் பழையதைப் படிக்கும். பழைய வெர்ஷன் புதியதில் சேமித்ததைப் படிக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

இனி லாஜிக் நண்பர். லாஜிக் ஏ.யு.வை மட்டும்தான் ஏற்கும், க்யூபேஸ் ஏ.யு.வை ஏற்காது. ஆக, இருவரும் ஒரே சிந்தஸைசரைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் ப்ராஜெக்ட் வழியாக அதன் அமைப்பு போகாது. பிட்விக், ப்ரீசோனஸ் என்ற இசை மென்பொருள் கம்பெனிகள் 2023-இல் கொண்டுவந்த டா-ப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தை க்யூபேஸ் 14-ம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் பிளக்-இன் நிலைகளும் போகும். ஆனால் வி.எஸ்.டி.3-இன் குவியலை ஏ.யு.விடம் கொடுத்து என்ன பயன்? லாஜிக்கோடு வேலை செய்யும்வரை ஸ்டெம்மும் மிடியும்தான் உங்கள் இருவருக்கும் பொது மொழி. ஏ.ஏ.எஃப். கோப்பு ஆடியோ துண்டுகளை டைம்லைனில் சரியான இடத்தில் வைக்கும், வால்யூமையும் ஓரளவு கொண்டுபோகும், பிளக்-இன்னைத் தொடாது.

ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பிரீசெட்டை க்யூபேஸின் மெனுவில் சேமிக்காமல், பிளக்-இன்னின் ஜன்னலுக்குள்ளேயே இருக்கும் சேவ் பொத்தானில் சேமியுங்கள். அது பிளக்-இன்னின் சொந்தக் கோப்பாக எழுதப்படும். ஏ.யு., வி.எஸ்.டி.3 எதில் திறந்தாலும் அதே பிளக்-இன் அதைப் படிக்கும். மிடியோடு அந்தக் கோப்பையும் அனுப்பினால் நண்பர் அவர் பக்கத்தில் அதே சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

அவர் அனுப்புவதில்தான் கவனம் வேண்டும். லாஜிக்கோடு வரும் அல்கெமி, டிரம்மர், ஸ்பேஸ் டிசைனர் எல்லாம் ஆப்பிளின் மென்பொருள்களை விட்டு வெளியே வராது. அல்கெமி ஒரு காலத்தில் கேமல் ஆடியோ என்ற கம்பெனியுடையது, விண்டோஸிலும் ஓடியது. 2015-இல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது, அதே வருஷம் அது லாஜிக்குக்குள் போய்ச் சேர்ந்தது. விண்டோஸ்காரர்கள் கையில் பழைய பதிப்போடு நின்றார்கள். நீங்கள் மேக்குக்கே மாறி லாஜிக்கை வாங்கினாலும் அல்கெமி க்யூபேஸுக்குள் வராது. ஆகவே அவருடைய ட்ராக்குகளில் லாஜிக்கின் சொந்தக் கருவிகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் பவுன்ஸ் செய்து, அதாவது ஆடியோவாக மாற்றி, அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே டெம்போவையும் ஸ்ருதியையும் எழுதச் சொல்லிவிட்டால், பாதி ராத்திரியில் போன் செய்து கேட்க வேண்டியிருக்காது.